மேடன் என்எஃப்எல்: எந்த மோடில் தொடங்குவது, வீரர்களை எப்படி வளர்ப்பது? முழுமையான வழிகாட்டி

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லை வைத்து வரும் வீடியோ கேம் மேடன். அதை வாங்கியவுடன் நேராக அல்டிமேட் டீம் (அட்டைகளைச் சேர்த்து அணி கட்டும்) மோடுக்குள் போவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. மெனுவில் கண்ணைப் பறிக்கும்படி முன்னால் நிற்பது அதுதான். உள்ளே போனால் எதிரில் இருப்பவர் பல வருடங்களாக ஆடுபவர். நாம் பந்தை எறிவதற்குள், எறிய வேண்டிய குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். நான்கு ஆட்டம் தொடர்ந்து தோற்றதும் கேம் பக்கமே போகத் தோன்றாது. வரிசையை மாற்றினால் இந்தச் சிக்கல் வராது: முதலில் பயிற்சி, பிறகு கணினியோடு சில ஆட்டங்கள், பிறகு ஓர் அணியைப் பல ஆண்டுகள் நடத்தும் பிராஞ்சைஸ். மற்ற மோடுகளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தொடரின் முதல் கேம் 1988இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பயிற்சியாளராக சூப்பர் பவுல் (என்எஃப்எல் இறுதி ஆட்டம்) வென்ற ஜான் மேடனின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர் ஆடாவிட்டால் அது ஃபுட்பாலே இல்லை என்று அவர் பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதத்தின் பலனை இன்றைக்கும் பார்க்கலாம். 11 பேருக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. யார் என்ன செய்கிறார் என்று புரிந்தால்தான் ஆட்டம் பிடிபடும்.

கீழே பொத்தான்களை பிளேஸ்டேஷன் கணக்கில் சொல்லியிருக்கிறோம். எக்ஸ்பாக்ஸில் எக்ஸுக்கு ஏ, சதுரத்துக்கு எக்ஸ், முக்கோணத்துக்கு ஒய், வட்டத்துக்கு பி.

முதலில் ஆட்டத்தின் கணக்கு

மைதானம் 100 யார்டு. இரண்டு முனையிலும் 10 யார்டு ஆழத்தில் எண்ட் ஸோன். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். அந்த நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோவது) 6, அதன் பிறகு உதைக்கும் கூடுதல் புள்ளி 1, உதைக்காமல் 2 யார்டு கோட்டிலிருந்து உள்ளே கொண்டுபோனால் 2, ஃபீல்டு கோலுக்கு (பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே போடுவது) 3. எதிரணியை அதன் சொந்த எண்ட் ஸோனுக்குள்ளேயே மடக்கினால் 2.

நான்காவது டவுனில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஃபீல்டு கோல் தூரத்தைக் கணிக்க, பந்து நிற்கும் யார்டு எண்ணோடு 17 சேர்க்க வேண்டும்: எண்ட் ஸோனுக்கு 10, பின்னால் தள்ளி வைத்து உதைப்பதற்கு 7. எதிரணியின் 33 யார்டு கோட்டில் பந்து இருந்தால் உதை 50 யார்டு. அதற்கு மேல் என்றால் உங்கள் உதைப்பவரின் கிக் பவர் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உங்கள் பாதி மைதானத்திலேயே நான்காவது டவுன் வந்துவிட்டதா? யோசிக்காமல் பன்ட் செய்யுங்கள், அதாவது பந்தை எதிரணியிடம் தூரமாக உதைத்துவிடுங்கள்.

படி 1: ஸ்கில்ஸ் டிரெய்னரும் கணினியோடு பத்து ஆட்டமும்

ஸ்கில்ஸ் டிரெய்னரில் பாடங்கள் நிறைய. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. பாஸ், ரன், தற்காப்பு அடிப்படை ஆகிய மூன்றையும் முடித்துவிட்டு, கணினியோடு ப்ளே நவ் ஆட்டத்துக்குப் போங்கள். ரூக்கி, ப்ரோ, ஆல்-ப்ரோ, ஆல்-மேடன் என்று நான்கு கடின நிலைகள் உண்டு. ப்ரோவில் தொடங்குவது நல்லது. ரூக்கியில் எதிரணி கண்டதையெல்லாம் கோட்டைவிடும். அங்கே வரும் வெற்றி தப்பான பழக்கங்களைத்தான் வளர்க்கும்.

கையில் ஊற வேண்டிய அடிப்படை இவ்வளவுதான்: எக்ஸ் அழுத்தினால் ஸ்னாப், அதாவது பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வந்து ஆட்டம் தொடங்கும். பிறகு பந்தைப் பிடிக்கும் ஒவ்வொரு ரிசீவரின் தலைக்கு மேலும் தெரியும் பொத்தானை அழுத்தினால் அவருக்குப் பந்து போகும். தட்டிவிட்டால் பந்து வளைந்து உயரமாகப் போகும். அழுத்திப் பிடித்தால் வேகமாக நேர்கோட்டில் போகும். தற்காப்பாளரின் தலைக்கு மேலே போட வேண்டியிருந்தால் தட்டுங்கள், இரண்டு பேருக்கு நடுவே நுழைக்க வேண்டியிருந்தால் பிடியுங்கள். பந்து காற்றில் இருக்கும்போது ரிசீவரைக் கையில் எடுத்து, எக்ஸ் அழுத்தினால் பாதுகாப்பான பிடி, சதுரம் பிடித்தபடியே ஓடுவதற்கு, முக்கோணம் எகிறிப் பிடிப்பதற்கு.

இரண்டு பழக்கங்களை முதல் நாளே விட்டுவிடுங்கள். ஸ்னாப் ஆனதும் குவார்ட்டர்பேக்கைப் பதினைந்து யார்டு பின்னால் ஓட்டிக்கொண்டு போவது ஒன்று. நம் முன்வரிசையான லைனில் ஓரத்தில் நிற்கும் டேக்கிள்கள் எதிரியை வெளிப்பக்கமாக வளைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். குவார்ட்டர்பேக் ஐந்து முதல் ஏழு யார்டு ஆழத்தில் நின்றால் அந்த எதிரி அவரைத் தாண்டிப் போய்விடுவார். பதினைந்து யார்டில் நின்றால் வளைந்து வருபவரின் பாதையிலேயே நாம் போய் நிற்கிறோம். பிறகு லைன் சரியில்லை என்று திட்டிப் பயனில்லை. அழுத்தம் வந்தால் பின்னால் போகாமல் முன்னால் ஓரடி எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, ரன் ஆட்டத்தில் பந்து கைக்கு வந்த நொடியே ஆர்2வை அமுக்குவது. அப்படி ஓடினால் நமக்கு வழி திறக்க வேண்டிய ஆளின் முதுகிலேயே போய் முட்டுவோம். தடுப்பாளர் எதிரியைப் பிடிக்கும்வரை பொறுத்து, இடைவெளி தெரிந்ததும் அதற்குள் நுழைந்து, லைனைத் தாண்டியபின் ஆர்2 அமுக்குங்கள்.

படி 2: ஸ்னாப்புக்கு முன் சேஃப்டிகளைப் பார்ப்பது

இந்த ஒரு பழக்கம் வந்தால் பாதி ஆட்டம் வந்த மாதிரி.

ஸ்னாப்புக்கு முன் எதிரணியின் கடைசி வரிசையைப் பாருங்கள். அங்கே நிற்பவர்கள்தான் சேஃப்டிகள். கவர் என்றால் எதிரணியின் காவல் முறை, எண் ஆழத்தைக் காப்பவர்கள் எத்தனை பேர் என்பது. நடுவில் ஒரே ஒரு சேஃப்டி ஆழமாக நின்றால் பெரும்பாலும் கவர் 1 அல்லது கவர் 3. இரண்டு பேர் அகலமாகப் பிரிந்து நின்றால் கவர் 2 அல்லது கவர் 4. அடுத்து ஒரு ரிசீவரை மோஷனில் மறுபக்கம் அனுப்புங்கள். எதிரில் நிற்பவர் கூடவே ஓடிவந்தால் ஆளுக்கு ஆள் காவல். யாரும் நகராமல் இடத்தை மட்டும் சரிசெய்துகொண்டால் ஸோன், அதாவது ஆளை விட்டு இடத்தைக் காப்பது. நல்ல எதிராளி இதை மறைக்கப் பார்ப்பார். ஆனால் கணினியோடு ஆடும்போது பெரும்பாலும் சரியாக வரும்.

கவர் 3இல் மூன்று பேர் ஆழத்தைக் காப்பார்கள். ஓரங்களில் குறுகிய தூரம் பலவீனமாக இருக்கும். இதற்கு கர்ல் ஃப்ளாட்ஸ் என்ற பிளே (ஆட்டத் திட்டம்) அருமையான மருந்து. ஒரு ரிசீவர் பத்து, பன்னிரண்டு யார்டு போய்த் திரும்பி நிற்பார். இன்னொருவர் அவருக்குக் கீழே ஓரமாக வெளியே ஓடுவார். அந்தப் பகுதியைக் காக்கும் ஒரே ஆள் யாரோடு போகிறார் என்று மட்டும் பாருங்கள். வெளியே ஓடுபவரைத் துரத்தினால் திரும்பி நிற்பவருக்கு எறியுங்கள். பின்வாங்கினால் வெளியே ஓடுபவருக்கு. 22 பேரையும் பார்க்க வேண்டாம், ஒரே ஒருவரைப் பார்த்தால் போதும்.

கவர் 2இல் இரண்டு சேஃப்டிக்கும் நடுவே உள்ள ஆழமான நடுப்பகுதியும், ஓரத்து ரிசீவரைக் காக்கும் கார்னர்பேக்குக்குப் பின்னால் சேஃப்டிக்கு முன்னால் உள்ள ஓர இடைவெளியும் திறந்திருக்கும். கவர் 4இல் ஆழமாக எறிவது வீண். குறுகியதாகப் போட்டு நகருங்கள். ஆளுக்கு ஆள் காவலுக்கு, ரிசீவர்கள் ஒருவரையொருவர் குறுக்காகக் கடக்கும் மெஷ் போன்ற பிளேக்கள் கைகொடுக்கும்.

பிளே புத்தகத்தில் நூற்றுக்கணக்கில் பிளேக்கள் உண்டு. ஒரு ஃபார்மேஷனை (வீரர்கள் நிற்கும் அமைப்பை) எடுத்து அதில் இரண்டு ரன், நான்கு பாஸ் மட்டும் பழகுங்கள். ஆறையும் கண்ணை மூடிக்கொண்டு ஆடும் அளவுக்கு வந்தபின் அடுத்த ஃபார்மேஷன்.

தற்காப்பில் தொடக்கத்தில் லைனில் ஒருவரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கணினியிடம் விடுங்கள். கார்னர்பேக்கைக் கையில் எடுத்துத் தப்பான பக்கம் ஓடினால் அங்கேயே டச்டவுன்தான். லைனில் தவறினால் போவது சில யார்டு. பிறகு லைனுக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கருக்கு மாறலாம்.

படி 3: பிராஞ்சைஸை அமைப்பது

பிராஞ்சைஸ் என்றால் ஓர் அணியைப் பல ஆண்டுகள் நடத்துவது. உரிமையாளர், பயிற்சியாளர், வீரர் என்று மூன்று வேடம் உண்டு. பயிற்சியாளரைத் தேர்ந்தெடுங்கள். உரிமையாளர் வேடத்தில் டிக்கெட் விலை, ஸ்டேடியம் என்று கவனம் சிதறும். முதல் தடவைக்கு அது தேவையில்லை.

மெனுவுக்குள் போனதும் மாற்ற வேண்டிய முதல் அமைப்பு குவார்ட்டர் நீளம். பலர் இதைத் தொடாமல் விட்டுவிட்டு, நம் வீரர்கள் ஏன் வளரவில்லை என்று பிறகு குழம்புகிறார்கள். காரணம் இதுதான். வீரருக்கு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கிடைப்பது அவர் களத்தில் எடுக்கும் யார்டு, டச்டவுன், சாக் (எறியுமுன் குவார்ட்டர்பேக்கை மடக்குவது) போன்ற கணக்கை வைத்து. நீங்கள் ஆடாத மற்ற ஆட்டங்களைக் கேம் தானே கணக்கிடும்போது முழு நீள ஆட்டமாகவே கணக்கிடுகிறது. நீங்கள் ஐந்து நிமிடக் குவார்ட்டர் வைத்து ஆடினால், உங்கள் ரிசீவர் ஆட்டத்துக்கு மூன்று பந்து பிடிக்கும்போது வேறு அணியின் ரிசீவர் எட்டுப் பந்து பிடித்திருப்பார். எக்ஸ்பியும் அவருக்கு, சீசன் விருதும் அவருக்கு.

ஆகவே குவார்ட்டரைப் பத்து நிமிடமாக வைத்து, ஆக்ஸிலரேட்டட் கிளாக்கை 20 நொடிக்கு அமைக்கவும். பிளேயைத் தேர்ந்ததும் 40 நொடிக் கடிகாரம் 20க்கு ஓடிவிடும். நிஜ என்எஃப்எல் ஆட்டத்தில் ஓர் அணி ஏறத்தாழ 60 பிளே ஆடும். இந்த அமைப்பில் அதையொட்டி வரும். நேரம் இல்லாதவர்கள் ஆஃபன்ஸ் மட்டும் ஆடி, தற்காப்பைக் கணினியிடம் விடலாம்.

அடுத்து, தானியங்கி அமைப்புகள் பகுதி. வீரர்களை வளர்க்கும் வேலை தானியங்கியில் இருந்தால் உங்களுக்குத் தெரியாமலேயே ஸ்கில் பாயிண்ட் செலவாகிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிடுங்கள். ஒப்பந்தம் தொடர்பான தானியங்கிகளையும் அணைப்பது நல்லது.

அணியைத் தேர்வுசெய்யும்போது ஓவரால் எண்ணை (மொத்தத் திறன் மதிப்பெண்ணை) பார்த்து மயங்க வேண்டாம். குவார்ட்டர்பேக்கின் வயதையும் ஒப்பந்தத்தையும் பாருங்கள். 25 வயதுக்குள் ஒரு நல்ல குவார்ட்டர்பேக், கைவசம் சம்பள இடம், முதல் சுற்று டிராஃப்ட் (புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்) உரிமை ஆகிய மூன்றும் இருக்கும் நடுத்தர அணி, வயதான சாம்பியன் அணியைவிட எவ்வளவோ மேல்.

படி 4: வாரா வாரம் செய்ய வேண்டியது

சீசன் 18 வாரம், 17 ஆட்டம். ஒவ்வொரு வாரமும் ஆட்டத்துக்கு முன் வாராந்தர உத்திப் பக்கத்தைத் திறந்து, எதிரணி எதை அதிகம் ஆடுகிறது என்று பார்த்து, அதற்கேற்ற ஆஃபன்ஸ், டிஃபன்ஸ் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். எதிரணி குறுகிய பாஸை நம்பியிருந்தால் அதை அடக்கும் திட்டம். தேர்ந்தெடுத்துவிட்டு ஆட்டத்தில் வேறு மாதிரி பிளே அழைத்தால் அந்தத் திட்டத்தால் பயனில்லை.

பிறகு பயிற்சியின் தீவிரம். முழுக் கவசப் பயிற்சியில் எக்ஸ்பி அதிகம், களைப்பும் காயமும் அதிகம். அரைக் கவசத்தில் இரண்டும் குறைவு. முதல் ஐந்து வாரம் முழுக் கவசத்தில் ஓட்டிவிட்டு, அதன்பின் மாற்றி மாற்றிப் போடுங்கள். கடைசி நான்கு வாரத்தில் முக்கிய வீரர்களை வருத்தவே வேண்டாம். ப்ளேஆஃப் வரும்போது அவர்கள் புத்துணர்வோடு இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த மேடன் 26இல், வாங்கும் அடியெல்லாம் உடலில் சேர்ந்துகொண்டே போகும் முறையும் வந்துவிட்டதால், பந்தோடு ஓடும் ஒரே ஹாஃப்பேக்கிடம் ஆட்டத்துக்கு முப்பது தடவை பந்தைக் கொடுப்பது இப்போது நிஜமாகவே ஆபத்து.

படி 5: ஸ்கில் பாயிண்டை எங்கே போடுவது

எக்ஸ்பி ஓர் அளவைத் தாண்டினால் ஒரு ஸ்கில் பாயிண்ட். அந்த அளவு எல்லோருக்கும் ஒன்றில்லை. டெவலப்மென்ட் டிரெய்ட் என்று நான்கு படி இருக்கிறது: நார்மல், ஸ்டார், சூப்பர்ஸ்டார், எக்ஸ்-ஃபேக்டர். மேலே போகப் போகக் குறைந்த எக்ஸ்பியிலேயே பாயிண்ட் கிடைக்கும். 72 ஓவரால் உள்ள 22 வயது ஸ்டார் வீரர், 78 ஓவரால் உள்ள 27 வயது நார்மல் வீரரைச் சில சீசனில் தாண்டிவிடுவார். விற்பவர் பார்ப்பது இன்றைய எண்ணை. வாங்கும் நீங்கள் இந்தப் படியைப் பாருங்கள்.

பாயிண்டைப் போடும்போது ஆர்க்கிடைப் (வீரரின் ஆட்ட வகை) கேட்கும். ஹாஃப்பேக் என்றால் பவர், எலூசிவ், ரிசீவிங். குவார்ட்டர்பேக் என்றால் ஃபீல்டு ஜெனரல், ஸ்ட்ராங் ஆர்ம், இம்ப்ரவைசர், ஸ்க்ராம்ப்ளர். எது ஏற்கெனவே உயரமோ, எது உங்கள் பயிற்சியாளரின் ஸ்கீமுக்கு (ஆட்ட முறைக்கு) பொருந்துகிறதோ அதிலேயே தொடர்ந்து போடுங்கள். ஸ்கீமுக்குப் பொருந்தும் வீரருக்கு எக்ஸ்பியும் கூடுதல். எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாகப் பரப்பினால் ஓவரால் எண் அசையவே அசையாது.

வேகம் பிறவியில் வருவது, கேமிலும் அப்படித்தான். பந்து பிடிக்கும் திறன், ரூட் ஓடும் திறன், தடுப்பு ஆகியவை பாயிண்டால் ஏறும். ஓட்ட வேகம் மிக மெதுவாகத்தான் ஏறும். அதனால் வேகத்தை விலைகொடுத்து வாங்குங்கள், மற்றதைப் பயிற்சியால் ஏற்றுங்கள்.

டெவலப்மென்ட் படியே உயர்வதற்கு இரண்டு வழி. ஒன்று, சீசன் நடுவே வரும் பிரேக்அவுட் வாய்ப்பு: இந்த ஆட்டத்தில் இத்தனை யார்டு, இத்தனை டச்டவுன் எடு என்று ஓர் இலக்கு வரும். அந்த வாரம் பாதி பிளேக்களை அந்த வீரருக்கே அழையுங்கள், தயங்கவே வேண்டாம். மற்றொன்று, சீசன் முடிவில் விருது. புதுமுக வீரரின் படி மறைந்திருக்கும். குறிப்பிட்ட அளவு ஸ்னாப் ஆடியபிறகே தெரியவரும். ஆகவே டிராஃப்டில் எடுத்தவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வளரவில்லையே என்று விற்றுவிடாதீர்கள்.

எக்ஸ்-ஃபேக்டர் வீரருக்கு ஆட்டத்துக்குள் ஒரு சிறப்புத் திறன் உண்டு. 2019இல் வந்த மேடன் 20இல் இது அறிமுகமானது. குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் பஸூக்கா என்றால், 30 யார்டுக்கு மேல் காற்றில் எறிந்து வெற்றிபெற்றபின் திறன் விழித்துக்கொள்ளும். எறியும் தூரம் கூடும். சாக் வாங்கினால் அணைந்துவிடும். உங்கள் எக்ஸ்-ஃபேக்டர் வீரரின் நிபந்தனையை ஆட்டத்துக்கு முன் படித்து, முதல் இரண்டு டிரைவிலேயே (பந்து நம் கையில் இருக்கும் தொடரிலேயே) அதை நிறைவேற்றும் பிளேக்களை அழையுங்கள்.

படி 6: சம்பள வரம்பு

நிஜ என்எஃப்எல்லில் 2025க்கு ஓர் அணியின் சம்பள வரம்பு 279.2 மில்லியன் டாலர். அதற்குள் 53 பேர் கொண்ட அணி. கேமும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது. சம்பளம், போனஸ் இரண்டும் வேறு வேறு என்று புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

ஒரு வீரருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். மொத்தச் சம்பளம் 40 மில்லியன், போனஸ் 20 மில்லியன் என்று வையுங்கள். சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு 10 சம்பளம், 5 போனஸ், ஆக 15 மில்லியன் வரம்பில் ஏறும். இரண்டு ஆண்டு கழித்து அவரை விடுவித்தால் மீதிச் சம்பளம் 20 மில்லியன் போய்விடும். மீதிப் போனஸ் 10 மில்லியன் உங்கள் கணக்கிலேயே செத்த பணமாக நிற்கும். வேறு அணிக்கு மாற்றினாலும் அப்படித்தான்.

இதிலிருந்து வரும் விதி: நீண்டகாலம் வைத்திருக்கப்போகும் 24 வயது டேக்கிளுக்குப் போனஸை ஏற்றுங்கள். 29 வயது ஹாஃப்பேக்குக்குப் போனஸை முடிந்தவரை குறைத்து, சம்பளத்தைக் கூட்டுங்கள். பிறகு விடுவிக்கும்போது கை சுடாது. ஹாஃப்பேக்குகள் 28ஐ நெருங்கும்போதே இறங்கத் தொடங்குவார்கள். ஒவ்வொரு சீசன் முடிவிலும் எண் குறையும். மதிப்பு இருக்கும்போதே டிரேடில் விட்டு, டிராஃப்ட் உரிமை வாங்குங்கள். குவார்ட்டர்பேக்குக்கு இந்த அவசரம் வேண்டாம்.

படி 7: சீசன் முடிந்தபின்

இங்கே வரிசை முக்கியம். முதலில் சொந்த வீரர்களின் ஒப்பந்தப் புதுப்பிப்புக் கட்டம். அதைப் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்கு நகர்த்திவிட்டால் ஒப்பந்தம் முடிந்த எல்லோரும் சந்தைக்குப் போய்விடுவார்கள். அந்தக் கட்டத்துக்குத் திரும்ப வழியில்லை. முக்கியமானவர்களிடம் சீசன் நடக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். அடுத்தது ஃப்ரீ ஏஜென்சி, அதாவது ஒப்பந்தம் இல்லாத வீரர்களின் சந்தை. அதில் முதல் நாள் விலையில் நட்சத்திரங்களை வாங்கப் போனால் வரம்பு காலியாகும். ஆழமில்லாத இடங்களுக்கு நடுத்தர ஆட்களைக் குறைந்த விலையில் ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுங்கள்.

டிராஃப்ட் ஏழு சுற்று. புதுமுகங்களை ஆராயும் ஸ்கவுட்களைச் சீசன் தொடக்கத்திலேயே உங்களுக்குத் தேவையான இடத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். நடுவில் நினைவு வந்தால் பாதித் தகவல்தான் கிடைக்கும். டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடல்திறன் சோதனையான கம்பைனில் 40 யார்டு ஓட்ட நேரம் வெளியாகும். அது வேக எண்ணை அப்படியே காட்டிக்கொடுப்பதால், ஸ்கவுட் பார்க்காத வீரரைப் பற்றிக்கூட ஒரு நிச்சயமான தகவல் கையில் இருக்கும். கடைசிச் சுற்றுகளில் வேறு எதையும் பார்க்காமல் வேகமான கார்னர்பேக்கையும் ரிசீவரையும் எடுங்கள்.

மூன்று ஆட்டம் தொடர்ந்து 14 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால் கடின நிலையை ஒருபடி ஏற்றுங்கள். ஆல்-ப்ரோவில் நிதானமாக ஜெயிக்கத் தொடங்கிய பிறகு மற்ற மோடுகளுக்குப் போகலாம்.

சூப்பர்ஸ்டாரும் அல்டிமேட் டீமும்

சூப்பர்ஸ்டாரில் ஒரே வீரரை உருவாக்கி அவராகவே ஆடுகிறீர்கள். குவார்ட்டர்பேக்காகப் போனால் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் பந்து உங்கள் கையில். ரிசீவராகப் போனால் பத்து பிளேயில் இரண்டு முறை பந்து வரலாம், பொறுமை வேண்டும்.

அல்டிமேட் டீமில் அட்டைகளைச் சேர்த்து அணி கட்டுகிறீர்கள். காசு செலவழிக்காமல் முன்னேற, சோலோ சேலஞ்சுகளை முடித்து நாணயம் சேர்த்து, பாக்கெட் வாங்காமல் ஏலத்தில் தேவையான அட்டையை நேரடியாக வாங்குங்கள். பாக்கெட்டில் என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். ஏலத்தில் கண்ணுக்குத் தெரிந்ததை வாங்குகிறீர்கள். விற்கும்போது விலையில் 10 சதவீதம் கேம் பிடித்துக்கொள்ளும். 10,000 நாணயத்துக்கு வாங்கிய அட்டையை 11,000க்கு விற்றால் கைக்கு வருவது 9,900, அதாவது நஷ்டம். 11,200க்கு விற்றால்தான் 10,080 வரும். அடுத்த ஆகஸ்டில் புதுப் பதிப்பு வந்தால் இந்த அட்டைகள் எதுவும் அதற்கு மாறாது. நிஜப் பணம் போடுவதற்கு முன், அதற்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.